ஒட்டு பிடிக்கும்வரை

அந்த சோபாவில் உட்கார ஒரு ஆள் போதும், எழுந்திருக்க மூன்று பேர் துணை வேண்டும். சுமித்ரா நுனியில்தான் உட்கார்ந்தாள். அப்படியும் அது அவளை இடுப்புவரை விழுங்கியது. திருப்பதியில் ஒரு நகைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. வெளியே சித்திரை வெயில் தார்ரோட்டைக் களி கிண்டிக்கொண்டிருந்தது. உள்ளே மார்கழி மாதத்தைப் பிடித்து வந்து கண்ணாடிச் சுவருக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். மூலையில் ஒரு மீன் தொட்டி. அதில் இருந்த மீன்கள் காலையில் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவை போல மிடுக்காகத் திரிந்தன.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் புருஷன் ஹரிபாபு. நெஞ்சுக்குக் குறுக்கே துண்டு போட்டு நாற்காலியோடு கட்டியிருந்தது. கட்டாவிட்டால் முன்னால் சரிந்து விழுவான். நெஞ்சுக்குக் கீழே தனக்கு உடம்பு இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஏம்மே, அந்த மீனுக்கு இன்னா துன்ன போடுவாங்க?"

"நமக்குப் போடறத விட நல்லதாத்தான் போடுவாங்க. கம்முனு கெட."

"காலு வரட்டும். நம்ம ஊட்லயும் ஒரு தொட்டி வெக்கறேன். கெண்ட மீனு வுட்டு வளக்கலாம்."

"வளத்து?"

"கொழம்பு வெக்கலாம்."

எதிரே காத்திருந்த அம்மாள் புடவை முந்தியால் வாயை மூடிக்கொண்டாள். சுமித்ராவுக்கும் சிரிப்பு வந்தது. மரத்திலிருந்து விழுந்து ஒன்றரை வருஷத்தில் அவன் இப்படிப் பேசுவது ஒரு மாதமாகத்தான். இந்த ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து.

பிச்சாட்டூரிலிருந்து வடமாலபேட்டை வரைக்கும் மாஞ்செடி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஹரிபாபுவின் கையைப் பற்றி ஒரு பொய்யாவது சொல்வார்கள். மற்றவர்கள் ஒட்டு கட்டினால் நூற்றுக்கு எண்பது பிடிக்கும். ஹரிபாபு கட்டினால் நூற்றுக்கு நூற்றிரண்டு பிடிக்கும். வேடிக்கைக்காக ஒரு தடவை மண்வெட்டிக் காம்பில் பெங்களூரா மாங்குச்சியை வைத்துக் கட்டினான், அடுத்த வருஷம் அது காய்த்தது என்று சொல்கிறவர்கள் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள். அந்தக் காயை உப்பு மிளகாய் தொட்டுத் தின்றவர்கள் அதற்கடுத்த ஊரில் இருக்கிறார்கள். ஜில்லா முழுக்க மாம்பழக்கூழ் கம்பெனிகள் முளைத்து, கூழ் டின் டின்னாகக் கப்பலேறத் தொடங்கியதும், நெல்லும் வேர்க்கடலையும் போட்டவர்கள் எல்லாம் நிலத்தில் மாஞ்செடி நட்டார்கள். ரோட்டோரத்தில் ஆதிநாராயணன் வைத்திருந்த நர்சரி கடல் மாதிரி விரிந்தது. அந்தக் கடலில் பாதி ஹரிபாபுவின் கையால் கட்டியது. அவன் அப்பன் காலத்தில் காணி நிலம் இல்லாத குடும்பம். அரசாங்கம் கொடுத்த கரட்டு நிலத்தில் அவன் கட்டிய ஒட்டுகளையே நட்டுத் தோப்பாக்கினான்.

ஒட்டுக்குக் குச்சி எடுக்கத் தாய்மரத்தில் ஏறினான் ஒரு நாள். உச்சிக்கொம்பில் வெயில் படுகிற குச்சிதான் நன்றாகப் பிடிக்கும் என்பது அவன் கட்சி. கொம்பு முறிந்தது. கீழே தண்ணீர் பாய்கிற சிமெண்ட் தொட்டியின் விளிம்பு இருந்தது. ஆதிநாராயணன் தன் ஜீப்பிலேயே தூக்கிப்போட்டுத் திருப்பதிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார், ஒரு நாள் முழுக்க நின்றார், பழம் வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே வேறு ஒரு ஒட்டுக்காரனை வேலைக்கு வைத்தார்.

பெரியாஸ்பத்திரியில் முதுகில் கம்பி வைத்து அனுப்பினார்கள். கால் வராது என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நர்சம்மா சுமித்ராவின் காதைப் பிடித்துத் திருகாத குறையாகச் சொல்லியிருந்தாள். "பெரட்டிக்கினே இருக்கணும். ஒரே பக்கம் படுக்க வுட்டா சதை அழுவிப்பூடும், அவருக்குத் தெரியாது. வலிக்காது. நீதான் பாக்கணும்." சுமித்ராவின் வீட்டில் கடிகாரம் ஓடாது. பால் வண்டி வந்தால் வலப்பக்கம், புத்தூர் பஸ் போனால் இடப்பக்கம், பள்ளிக்கூடத்து மணி அடித்தால் மல்லாக்க என்று அவனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ராத்திரியில் நாய் குரைத்தாலும் எழுந்து திருப்பிவிட்டுப் படுப்பாள். ஒன்றரை வருஷத்தில் அவன் முதுகு பிறந்த குழந்தையின் முதுகு போல இருந்தது.

இந்த மூன்றாவது மாடியைக் கண்டுபிடித்தவன் குவைத்தில் வண்டி ஓட்டுகிற அவள் தம்பி ரமணா. அங்கே ரூமில் தெலுங்கு டிவியில் பார்த்துவிட்டு போன் போட்டான். "செத்த நரம்புல புது செல்லு வெக்கறாங்கக்கா. சக்கர நாற்காலில வந்தவன் நடந்து போறான், என் கண்ணால பாத்தேன்." டிவியில்தான் பார்த்தான், ஆனால் அவன் கண்ணால்தான் பார்த்தான். அவன் அனுப்பிய பணம் போதவில்லை. தோப்பின் வரப்போகிற காய்ப்புகளையெல்லாம் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள்.

கூப்பிட்டார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் யஸ்வந்த் என்று ஒரு பிள்ளையாண்டான், டை கட்டி, முகத்தில் இன்னும் முழுசாக மீசை முளைக்காமல். டாக்டர் இல்லை, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் விளக்கிச் சொல்வது அவன் வேலை. வாயில் தெலுங்கும் தமிழும் இங்கிலீஷும் ஒரே குக்கரில் வெந்தன.

"அண்ணா, நீங்க என்ன ஒர்க் பண்ணீங்க?"

"ஒட்டு கட்டறவன் சார். மாஞ்செடி."

யஸ்வந்த் நாற்காலியில் நிமிர்ந்தான். "ஐயோ, அப்போ உங்களுக்கு நான் சொல்லவே வேணாம். இதுவும் ஒட்டுதான். உங்க இடுப்பு எலும்புக்குள்ள இருந்து செல்ஸ் எடுக்கறோம், அது குச்சி. டேமேஜ் ஆன இடத்துல வெக்கறோம். அங்க புடிச்சிக்கும். அப்புறம் துளிர் வர்ற மாதிரி மெல்ல மெல்ல கிந்த தாகா, கீழ வரைக்கும், நரம்பு வளரும்."

ஹரிபாபுவின் முகத்தைச் சுமித்ரா பார்த்தாள். கல்யாணத்தன்று கூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை.

"ஒரே மரத்துக் குச்சி, அதே மரத்துக்கா சார்?"

"அதேதான் அண்ணா. உங்க உடம்பு, உங்க செல்."

"அப்போ புடிக்கும். வேற மரமா இருந்தாத்தான் சந்தேகம்." அவன் சுமித்ராவின் பக்கம் திரும்பினான். "பெரியாஸ்பத்திரிக்காரங்களுக்கு இது தெரியல பாரு."

மறுநாள் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். இடுப்பில் துளை போட்டு எடுத்து, எதையோ செய்து, முதுகில் ஊசியாகப் போட்டார்கள். அறைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்த நர்ஸ் பெண் தலையணையை உருவினாள். "ஆடக் கூடாதுங்கண்ணா. அசையாம மல்லாக்கவே படுத்துக்கணும்."

எதுவரைக்கும் என்று அவள் சொல்லவில்லை. ஹரிபாபுவும் கேட்கவில்லை. எதுவரைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஊர்க்காரன் சின்னப்பனின் வேனை ஹரிபாபு மாட்டுவண்டியாக்கிவிட்டான். பள்ளம் வந்தால் நிறுத்து, மேடு வந்தால் நிறுத்து. "குண்டுங்குழில வுடாத, ஒட்டு நகுந்துக்கும்." சின்னப்பன் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவன். "ஓய், கலியாணப் பொண்ண கூப்ட்டுக்கினு வரும்போது கூட இவ்ளோ மெதுவா நான் ஓட்டினதில்ல" என்றான். ஒரு எருமை அவர்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்தது.

அன்று சாயங்காலம் புத்தூர் பஸ் போகிற சத்தம் கேட்டதும் சுமித்ராவின் கை தானாக அவன் தோளுக்குப் போனது.

"இன்னா பண்ற?"

"இடப்பக்கம் திருப்பணுமே மாமா."

"ஒனக்கு இன்னா, பைத்தியமா? நர்சரில நீயும்தான பையில மண்ணு ரொப்பின? ஒட்டு கட்டி நெழலுல வெச்ச பையை எவளாவது நகத்தினா நான் இன்னா சொல்லுவேன்?"

"அவ அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டுவ."

"அப்புறம் இன்னாத்துக்குக் கைய வெக்கற? குச்சியும் தண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பால் பாயற வரைக்கும் அசைக்கக் கூடாது. மயிரிழ நகுந்தாலும் போச்சி. ரெண்டும் தனித்தனியா காஞ்சிரும்."

"அந்த நர்சம்மா பெரட்டிக்கினே இருன்னு சொல்லிச்சே."

"அது ஒட்டு கட்டறதுக்கு முன்ன சொன்னது."

நர்சரியில் பையை நகர்த்திய பெண்களின் செடி காய்ந்துபோனதைச் சுமித்ராவே பார்த்திருக்கிறாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் கிணற்றடியில் நின்று யஸ்வந்துக்குப் போன் போட்டாள்.

"சார், அவர பெரட்டலாமா?"

அந்தப் பக்கம் பல பேர் பேசுகிற சத்தம். "டாக்டர் என்ன சொன்னாங்களோ அதையே ஃபாலோ பண்ணுங்கம்மா. நான் மீட்டிங்ல இருக்கேன்."

டாக்டரின் நர்ஸ் அசையக் கூடாது என்றுதான் சொன்னாள். சுமித்ரா அதையே செய்தாள்.

எல்லா ஏற்பாட்டையும் ஹரிபாபு படுத்த இடத்திலிருந்தே சொன்னான். கயிற்றுக் கட்டிலின் நடுவில் கயிற்றை விலக்கி, மெத்தையில் வட்டமாக ஓட்டை வெட்டி, கீழே பேசின் வைக்கச் செய்தான். கழுவுவதெல்லாம் கீழேயிருந்து. சுமித்ரா தரையில் படுத்து, சொம்பில் தண்ணீர் அடித்து, கையை மேலே விட்டுக் கழுவினாள். ஊர்க்காரர்கள் வந்து அந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, இவன் மட்டும் இஞ்சினியருக்குப் படித்திருந்தால் சந்திரனுக்கு அந்தப் பக்கமே போயிருப்பான் என்றார்கள். ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டச் சொன்னான், நிழல் வேண்டுமாம். தன்னைத் தானே நர்சரியில் வைத்துக்கொண்டான்.

ஒரு வாரத்துக்குமேல் ஆனபோது கழுவிய தண்ணீர் மஞ்சளாக வந்தது. விரலில் வழவழவென்று ஏதோ ஒட்டியது.

"மாமா, கீழ ஏதோ வடியுது."

"எப்படி கீது? கெட்டியாவா, தண்ணியாவா?"

"கஞ்சி மாதிரி."

அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். "வடியும்மே. அறுத்த எடத்துல பால் வடியத்தான் செய்யும். வடிஞ்சா உள்ள உயிர் கீதுன்னு அர்த்தம்."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவன் இடது கால் வெட்டி இழுத்தது. சுமித்ரா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் கிறீச்சென்றது. திரும்பிப் பார்த்தால் ஒன்றரை வருஷமாக வாழைத்தண்டு மாதிரிக் கிடந்த கால், முட்டி மடங்கி எழுந்து, உதறி, விழுந்தது. அவள் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள். அது சுட்டதே அவளுக்குத் தெரியவில்லை.

"மாமா, ஆடுது. காலு ஆடுது."

"நான் ஆட்டலியே" என்றான் ஹரிபாபு. பிறகு அவன் உதடு கோணியது. "அதுவா ஆடுதாம்மே? அதுவா?"

செய்தி பிச்சாட்டூர் ஏரி உடைந்த மாதிரிப் பாய்ந்தது. சாயங்காலத்துக்குள் நாகலாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு வராதவர்கள், காதுகுத்துக்குக் கோபித்துக்கொண்டு போனவர்கள், எல்லோரும் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று காலையே பார்த்தார்கள். வெட்டும்போதெல்லாம் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஹரிபாபுவின் அம்மா பொன்னியம்மா வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள். உள்ளே அடித்த வாடைக்கு ஈரச்சாக்குதான் காரணம் என்று சாக்கைக் கழற்றி வெயிலில் போட்டாள். சாக்கு காய்ந்தது. வாடை போகவில்லை.

ரமணா குவைத்திலிருந்து போன் போட்டு அழுதான். அவன்தான் ஆஸ்பத்திரிக்கும் சொல்லியிருக்க வேண்டும். ரெண்டாம் நாள் யஸ்வந்த் காரில் வந்து இறங்கினான். கூடவே கேமரா வைத்திருந்த ஒரு ஆள். வாசற்படி தாண்டி உள்ளே கால் வைத்தவன் அப்படியே நின்றான். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தான்.

"கொஞ்சம் காத்து வரட்டும்மா" என்றான்.

ஜன்னலைத் திறந்தார்கள். கேமராக்காரன் ஊதுபத்தி கேட்டான். யஸ்வந்த் காருக்குப் போய் ஒரு செண்ட் பாட்டிலைக் கொண்டுவந்து கட்டிலைச் சுற்றி அடித்தான். பூப்போட்ட புது விரிப்பு ஒன்றும் கொண்டுவந்திருந்தான். அதை ஹரிபாபுவின் இடுப்புவரை போர்த்தி, காலை மட்டும் வெளியே விட்டார்கள்.

"மல்லிப்பூ வாசன வருது சார்" என்றான் ஹரிபாபு. அவன் நெற்றி கொதித்துக்கொண்டிருந்தது. கண் இரண்டும் ரத்தச் சிவப்பு.

"அண்ணா, கேமராவப் பாத்து சொல்லுங்க. கால் எப்படி இருக்கு?"

"புடிச்சிடுச்சி சார். ஒட்டு புடிச்சிடுச்சி."

கால் வெட்டியது. கேமராக்காரன் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினான், இன்னொரு தடவை வேண்டுமாம். கால் மறுபடியும் வெட்டியது. யஸ்வந்த் ஹரிபாபுவின் தோளைத் தட்டிவிட்டு, செகண்ட் டோஸ் போட்டால் இன்னும் வேகமாக வரும் என்று சுமித்ராவிடம் சொல்லிவிட்டு, வேகமாக வெளியே போய் மூச்சு விட்டான்.

"சார், அவருக்கு உடம்பு சுடுது" என்று அவள் கார்க் கதவு வரை போனாள்.

"பக்கத்துல யாராவது டாக்டரக் காட்டுங்கம்மா. ஃபீவர்தானே."

அன்று இரவு கழிவதற்குள் ஹரிபாபு வாயில் வந்ததைப் பேச ஆரம்பித்தான். குளிர் தூக்கிப் போட்டது, கட்டிலோடு ஆடினான். விடிந்ததும் சின்னப்பனின் வேன் வந்தது. இந்தத் தடவை பள்ளம் மேடு பார்க்கச் சொல்ல ஹரிபாபுவுக்கு நினைவு இல்லை. சின்னப்பன் திருப்பதிக்கு வண்டியை விட்ட வேகத்தில் வடமாலபேட்டை வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது.

பெரியாஸ்பத்திரியில் நாலு பேராகப் பிடித்து அவனைக் குப்புறப் புரட்டினார்கள். டாக்டர் ஒரு எட்டு பின்னால் போனார். சுமித்ரா பார்த்தாள். இடுப்புக்குக் கீழே, மெத்தையில் வெட்டியிருந்த வட்டத்தின் விளிம்பு எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவில் ஒரு பள்ளம், கைமுட்டி உள்ளே போகும். பள்ளத்தின் அடியில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. இரண்டு குதிகாலும் சொத்தைப் பழம் மாதிரி.

"இவர் வைஃப் யாரு?"

"நான்தான் சார்."

"மனுஷியா நீ? இவ்ளோ தூரம் அழுவற வரைக்கும் பாத்துக்கினு இருந்தியா? பெரட்டச் சொல்லலியா ஒனக்கு?"

"சொன்னாங்க சார்."

"அப்புறம்?"

அவள் ஒட்டைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல, வாயிலிருந்து வெளியே வந்த ஒவ்வொரு வார்த்தையும் அந்த வார்டின் வெளிச்சத்தில் வேறு மாதிரி இருந்தது. டாக்டர் பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கத்தவில்லை.

"கால் வெட்டுதேன்னு சொன்னியே. புண்ணாலதான்மா வெட்டுது. உள்ள சீழ் இருக்கு, அடிபட்ட நரம்பு அதுக்குத் துள்ளுது. புண்ணு ஆற ஆற அதுவும் நின்னுடும்."

"அவரு கிட்ட சொல்லாதீங்க சார்."

"நான் சொல்லல. நீ சொல்லு."

அவளும் சொல்லவில்லை.

அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். தினமும் பஞ்சு வைத்து அடைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி அடைத்தார்கள். ஜுரம் இறங்கியதும் ஹரிபாபுவுக்கு முதலில் தெரிந்தது தான் குப்புறக் கிடக்கிறோம் என்பதுதான். முகத்தை ஒருக்களித்துத் தலையணையில் வைத்தபடி அவன் முழு வார்டுக்கும் கேட்கக் கத்தினான்.

"யார்ரா என்னப் பெரட்டினது? சுமித்ரா, நீயா வுட்ட?"

"உசுரு போயிருக்கும் மாமா."

"போனாப் போவுது. ஒட்டு போயிடுமேடி."

அப்போது கால் வெட்டியது. இரும்புக் கட்டில், பழசு. ஒரு கால் குட்டை. அவன் கால் வெட்டினால் கட்டில் தரையில் கடக்கென்று தட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் அடங்கினான். குப்புறக் கிடப்பவனுக்குக் காலைப் பார்க்க முடியாது. இனிமேல் கேட்கத்தான் முடியும்.

அதற்குப் பிறகு அவனுக்கு நாளெல்லாம் அதுதான் வேலை. சாப்பாடு ஊட்டும்போது கடக்கென்றால் "ஆடுது பாரு" என்பான். கல்பனா சிஸ்டர் வந்து இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்றால், கடக் கேட்ட பிறகுதான் திருப்ப விடுவான். "செடிக்கு உசுரு கீதான்னு பாத்துக்கினு அப்புறம் நகத்துங்க சிஸ்டர்." கல்பனா சிஸ்டர் குரலைக் கேட்டால் செத்தவனே எழுந்து வரிசையில் நிற்பான், அவளையே இவன் காக்க வைத்தான்.

பள்ளம் மெல்லச் சிவந்து, ஓரம் சேர்ந்துவந்தது. மூக்கைப் பிடிக்காமல் கட்டுக் கட்ட முடிந்தது. டாக்டர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கட்டில் தட்டுவது குறைந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆகி, பிறகு ஒரு நாள் முழுக்கத் தட்டவே இல்லை.

ஹரிபாபு சோற்றைத் துப்பினான். "பெரட்டிப் பெரட்டிக் கொன்னுட்டீங்க" என்றான். திருப்ப வந்த கையைக் கடித்தான். கட்டுப் பிரித்து வைத்திருந்த நேரத்தில் கட்டில் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து மல்லாக்கப் புரண்டுவிட்டான். ஆறிவந்த புண் கிழிந்து விரிப்பு நனைந்தது. ராத்திரியும் பகலும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். இரண்டு நாள் தண்ணீரும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சுமித்ரா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, தட்டில் தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். காலை நீட்டினாள். பெருவிரல் கட்டிலின் குட்டைக்காலில் பட்டது. கடக்.

மேலே ஹரிபாபு மூச்சை நிறுத்தினான். "மே, ஆடிச்சா?"

அவள் தட்டைப் பார்த்தாள்.

"ஆடிச்சி மாமா."

அவன் வாயைத் திறந்தான். அவள் எழுந்து ஊட்டினாள்.

அன்றிலிருந்து அவள் தரையில்தான் உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, திருப்புவதற்கு முன்னால் ஒன்று, டாக்டர் வருவதற்கு முன்னால் ஒன்று. கல்பனா சிஸ்டர் ஒரு தடவை அவள் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் ஊசி போடப் போய்விட்டாள். புண் மறுபடி ஆறத் தொடங்கியது. ஹரிபாபு வார்டுக்கே நர்சரி வைக்கிற கதைகளைச் சொல்ல ஆரம்பித்தான். மண்வெட்டிக் காம்பு காய்த்த கதையை அவனே சொன்னான். அவன் சொன்னதில் அது இரண்டு போகம் காய்த்தது.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு புதுப் பையன் வந்தான். சத்தியவேடு பக்கம் கம்பெனி ஷெட்டு கட்டுகிற இடத்தில் தகரக்கூரை மேலிருந்து விழுந்தவன். இருபது வயசு இருக்கும். அவனுக்கும் நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவன் அப்பன் ரங்கையா, தலையில் முண்டாசு அவிழ்க்காமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக நின்றார். ஹரிபாபுவின் கட்டில் தட்டும்போது மட்டும் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பார்வையாளர்கள் நேரம். வார்டு சந்தை மாதிரி இரைந்தது. சுமித்ரா தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே கட்டிலைத் தட்டினாள். ரங்கையா வந்து ஹரிபாபுவின் முகத்துக்கு நேராகக் குந்தினார்.

"நைனா, அது நிஜமா உன் காலுதானா?"

"காலுதான் ஐயா. ஒன்ற வருசம் செத்துக் கெடந்த காலு. இப்ப ஆடுது."

"இந்த ஆஸ்பத்திரியிலயா செஞ்சாங்க?"

"இங்க இன்னா தெரியும் இவுங்களுக்கு. நான் ஒட்டு வெச்சது வேற எடம்." ஹரிபாபு தலையணையிலிருந்து தலையை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினான். "இடுப்புல இருந்து எடுத்து முதுகுல வெப்பாங்க. அவன் உடம்பு, அவன் குச்சி. சின்னப் பையன், பச்சக் கொம்பு. என்ன விட சீக்கிரம் புடிக்கும்."

ரங்கையாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. "ரோட்டோரமா ஒரு துண்டு நெலம் கீது நைனா. இவன் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு வெச்சேன். காலு வருதுன்னா அது எதுக்கு? எங்கன்னு சொல்லு. இப்பவே போறேன்."

சுமித்ராவின் கையில் ஆரஞ்சு அப்படியே நின்றது. அவள் கால் மட்டும் கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்த பையன் மேலே சுற்றாத காற்றாடியைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முதுகில் இன்னும் ஒரு கீறலும் இல்லை. காலையில் அவனைத் திருப்பும்போது அவள்தான் ஒரு கை கொடுத்தாள்.

"பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி நேரா போனீங்கன்னா" என்று தொடங்கினான் ஹரிபாபு. கடக், என்றது கட்டில். "பாத்தியா, கேட்டியா?" என்று சிரித்தான்.

சுமித்ரா காலை இழுத்துக்கொண்டாள்.

"நேரா போனீங்கன்னா ஒரு நகக்கட..." அவன் நிறுத்தினான். காதைத் தலையணையில் அழுத்தினான்.

"மே, ஏன் நின்னுடுச்சி?"

அவள் ஆரஞ்சைக் கீழே வைத்தாள்.

"சுமித்ரா, நின்னுடுச்சா?"

ரங்கையா எழுந்தார். வார்டைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "அம்மா, ஐயா, கொஞ்சம் சத்தம் போடாதீங்க. அவுரு காலு கேக்கணும்." அவர் குரலில் என்ன இருந்ததோ, ஒவ்வொரு கட்டிலாகப் பேச்சு அடங்கியது. டிபன் கேரியரைத் திறந்த பெண் அப்படியே பிடித்துக்கொண்டாள். பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைத் தூக்கி நிறுத்தினாள். வார்டு மொத்தமும் அந்த ஒரு கட்டிலைப் பார்த்தது.

சுமித்ரா இரண்டு கால்களையும் புடவைக்குள் இழுத்து மடக்கி, முழங்காலைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.